சும்மாத் தட்டு

சும்மாத் தட்டில் இருந்த செல்கள் அன்று காலை எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன.

சின்னவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். மாறவில்லை. வாரிப் படிய வைத்த தலைமுடிபோல ஒரே வாட்டமாகக் கிடந்தன.

அந்த ஆய்வகத்தில் தினமும் இரண்டு தட்டுகளைப் படம் எடுப்பது அவள் வேலை. முதலாவது இழுவைத் தட்டு. அதன் அடியில் மெல்லிய ரப்பர் படலம், படலத்தின் மேல் மனிதத் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், அவை மூழ்கும் அளவுக்கு இளஞ்சிவப்புத் திரவம். பக்கத்தில் இருக்கும் பம்பு மெஷின் இரண்டு விநாடிக்கு ஒரு தரம் அந்தப் படலத்தை இழுத்து விடும். இழுபடும் செல்கள் சில மணி நேரத்தில் இழுவைக்குக் குறுக்கே திரும்பிவிடும், போர்வையைப் பிடுங்குகிறவருக்கு முதுகைக் காட்டிப் படுப்பதுபோல. இரண்டாவது தட்டிலும் அதே ரப்பர், அதே செல், அதே திரவம்தான். ஆனால் அதற்கும் மெஷினுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஒரு ஓரமாகச் சும்மா இருக்கும். அதனால் அது சும்மாத் தட்டு. அதில் செல்கள் சிந்திய சீரகம்போல் கண்டபடி கிடக்க வேண்டும். எட்டு மாதமாக அப்படித்தான் கிடந்தன.

"அக்கா, இங்க வந்து பாரேன். சும்மாத் தட்டு வரிசையா நிக்குது."

ஆய்வகத்தின் தலைமை அவளுடைய அக்காதான். வந்து குனிந்து பார்த்தாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"தட்டை மாத்தி வெச்சிருப்பே."

"லேபிள் நானே ஒட்டினதுக்கா."

"நீ ஒட்டினதாலதான்டி சொல்றேன்."

இருவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது, கையிலிருந்த நீல நோட்டை மூடிய பிறகு.

அக்காவுக்கும் அவளுக்கும் பதினொரு வருட இடைவெளி. அம்மா போனபோது சின்னவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தலை வாரி விட்டது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் பெரியவள்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னவள் செய்துகொண்டு, சரிப்படாமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உன் ரூம் அப்படியேதான் இருக்கு, போய்ப் படு என்றாள். இந்த வேலையும் அக்கா வாங்கித் தந்ததுதான். உலகத்தில் யாரை நம்பலாம் என்று கேட்டால் சின்னவளுக்கு யோசிக்கவே தேவையிருக்காது.

எட்டு மாதத்துக்கு முன் சின்னவளின் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான்கு விரல்கடை நீளத்துக்குத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அவள் கை எட்டாத, கண்ணுக்குத் தெரியாத இடம். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டையை உயர்த்தி, விரல் நுனியால் களிம்பு தடவி விடுவாள்.

"இழுக்குதாடி?"

"கொஞ்சம்."

"பத்துக்கு எவ்வளவு?"

முதல் மாதங்களில் இரண்டு, மூன்று என்பாள். இப்போதெல்லாம் ஐந்து, ஆறு. ஆறிய தழும்பு சில பேருக்கு இறுகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அந்தக் கேள்விக்காகவே அவள் சாயங்காலத்துக்குக் காத்திருந்தாள். முப்பத்து நாலு வயதில், எவ்வளவு வலிக்கிறது என்று தினமும் கேட்க ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயமா?

அன்று சாயங்காலமும் அக்காவின் விரல் முதுகில் ஊர்ந்துகொண்டிருக்க, சின்னவள் கேட்டாள்.

"அப்படி இழுத்தும் அதுங்க ஏன்க்கா ரப்பரை விட்டுப் பிஞ்சு வரமாட்டேங்குது?"

"ஒட்டுப் புரதம்னு ஒண்ணு இருக்கு. செல்லோட பாதம்னு வெச்சுக்கோ. ஒரு முனை வெளியே ரப்பரைப் பிடிச்சிருக்கும், இன்னொரு முனை உள்ளே இருக்கிற கயிறுங்களோட கட்டியிருக்கும். நடுவுல ஒரு புரதம், மடிச்சு வெச்ச துணி மாதிரி. இழுத்தா மடிப்பு பிரியும். பிரிஞ்சா உள்ளே மறைஞ்சிருந்த கொக்கி எல்லாம் வெளியே வரும். அதைப் பிடிச்சுக்க இன்னும் நாலு புரதம் ஓடி வரும்."

"அப்போ இழுக்க இழுக்க…"

"உடும்புப் பிடி. நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி."

"அதுக்கு வலிக்குமா?"

விரல் நின்றது. ஒரு கணம்தான். பிறகு மறுபடி ஊர்ந்தது.

"வலிக்க அதுக்கு நரம்பு எங்கடி இருக்கு, பைத்தியம்."

மறுநாளும் சும்மாத் தட்டு வரிசையாக இருந்தது. அதற்கடுத்த நாளும். சின்னவள் புதுத் தட்டு போட்டாள், லேபிளை இரண்டு தடவை படித்து ஒட்டினாள், தட்டை மெஷினுக்கு எதிர்மூலையில் வேறொரு மேஜையில் வைத்தாள். காலையில் பார்த்தால் வரிசை. புதன்கிழமை மெஷினைச் சோதிக்க பம்பு மெக்கானிக் வந்தார். மெஷினை நிறுத்தி, குழாய்களைக் கழற்றி, ஊதிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சும்மாத் தட்டின் கதையைச் சொன்னதும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடுப்புல வெக்காத பாத்திரம் கொதிக்குதுன்னா நான் அடுப்பை ரிப்பேர் பண்ணி என்னம்மா பிரயோஜனம்?"

அவர் மெஷினை நாள் முழுக்க நிறுத்தி வைத்திருந்தார். அன்று சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் சின்னவள் கவனித்தாள், முதுகு பஞ்சுபோல் இருந்தது.

"இன்னிக்கு நல்லா இருக்குக்கா. சுத்தமா இழுக்கலை. ஜீரோ!"

"அப்படியா," என்றாள் அக்கா. களிம்பு டப்பாவைக்கூட மூடாமல் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வியாழக்கிழமை மெஷின் ஓடத் தொடங்கியது. உஸ்… டக். உஸ்… டக். உஸ் என்னும்போது படலம் விரியும், டக் என்னும்போது சுருங்கும். சின்னவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தாள். உஸ் என்றபோது தழும்பின் இரு பக்கமும் யாரோ கட்டைவிரலை வைத்து விரிப்பதுபோல் இருந்தது. டக் என்றபோது விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பதால் வரும் பிரமை என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்து, சமையலறையில், சத்தமே இல்லாத இடத்தில், சுவர்க் கடிகாரத்தின் எதிரே நின்றாள். விநாடி முள் ஓடியது. இரண்டு விநாடிக்கு ஒரு இழுவை. நிமிடத்துக்கு முப்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவள் அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று ஏழு என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை விடுமுறை. ஆனாலும் செல்களுக்கு விடுமுறை கிடையாது, திரவம் மாற்ற யாராவது போக வேண்டும். அக்காவுக்கு வெளியே ஏதோ கூட்டம், நாலு மணிக்கு மேல்தான் வருவேன் என்றாள். சின்னவள் மத்தியானம் தனியாக வந்தாள்.

ஆய்வகம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லாததால் அங்கே எப்போதும் ஒரே பொழுதுதான். நடைபாதையில் ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள், அசைவு நின்றால் மூன்று நிமிடத்தில் ஒவ்வொன்றாக அணையும். கதவின் கண்ணாடிச் சதுரம் வெளிச்சமாக இருந்து, மங்கி, கடைசியில் கறுப்பாகும். மேஜை துடைத்த ஸ்பிரிட்டின் குளிர்ந்த வாடைக்கு அடியில், செல்களை வெதுவெதுப்பில் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவிடுக்கிலிருந்து இன்னொரு வாடை வந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பான, லேசாகத் தித்திக்கும் வாடை. வழக்கமாக அது அவள் மூக்குக்குத் தெரிவதே இல்லை. இன்று அது தூங்கி எழுந்த தன் தலையணை வாடைபோல் இருந்தது.

உஸ்… டக்.

சும்மாத் தட்டு எந்தத் தேதியிலிருந்து மாறியது என்று பார்க்கப் பழைய பதிவுகள் வேண்டும். அக்காவின் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மேலே நீல நோட்டு இருந்தது. தன்னிடம் மறைக்க அதில் எதுவும் இருக்கும் என்று தோன்றவே தோன்றாததால் சாதாரணமாகப் பிரித்தாள்.

அக்காவின் அச்சுப்போன்ற கையெழுத்து. தேதி. மெஷின் இழுக்கும் அளவு. அடுத்த கட்டத்துக்கு மேலே ஒரே எழுத்து, சி. அந்த எழுத்து அவளுக்குத் தெரியும், எல்லாத் தட்டிலும் அதை அவளே தினமும் எழுதுகிறாள். செல்லை விற்ற கம்பெனி வைத்த குறி என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்தக் கட்டத்தில் எண்கள். ஐந்து சதவீத இழுவை, சி இரண்டு. பத்து சதவீதம், சி ஐந்து.

பதினைந்து சதவீதம். சி ஆறு. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'இரவு அழுதாள்.'

புதன். மெஷின் நிறுத்தம். சி பூஜ்யம். 'இன்னிக்கு நல்லா இருக்குக்கா என்றாள். சந்தேகம் இல்லை.'

அவள் அந்த வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தை, எழுத்துப் பிசகாமல்.

பின்னட்டைப் பையில் மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஆஸ்பத்திரிப் படிவம். எடுத்த திசுவை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம். கீழே அவளுடைய கையெழுத்து, கோணல்மாணலாக, கடைசி எழுத்து காகிதத்தை விட்டே வழுக்கியிருந்தது. மயக்கம் தெளியும்போது கண்ணெல்லாம் பஞ்சடைத்துக் கிடந்ததும், அக்கா அவள் விரலுக்குள் பேனாவைச் செருகி, மருந்துச் சீட்டுடி, போடு என்றதும், அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. எவ்வளவு ஆதரவாகப் பிடித்திருந்தாள்.

உஸ்.

தழும்பு விரிந்தது.

டக்.

அவள் எழுந்து மெஷினிடம் போனாள். குமிழைப் பதினைந்திலிருந்து பத்துக்குத் திருப்பினாள். முதுகில் பிடி தளர்ந்தது. ஐந்து. இன்னும் தளர்ந்தது. பிறகு இருபதுக்குத் திருப்பினாள்.

கத்திவிட்டாள்.

வெளியே நடைபாதை விளக்கு எரிந்தது. யாரோ வருகிறார்கள். கண்ணாடிச் சதுரம் வெளிச்சமானது. அக்கா உள்ளே வந்தாள். கையில் குடை, தோளில் பை. தங்கையைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள், விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள். அவள் கண் முதலில் தேடியது நோட்டு கசங்கியிருக்கிறதா என்றுதான். அதைச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

"குமிழை விடு. முதல்ல அதை விடு."

"என்னோடதா அக்கா இதெல்லாம்?"

"உக்காரு. சொல்றேன்."

"என்னோடதா?"

அக்கா பையை மெல்ல இறக்கி வைத்தாள். "ஆமா. முதல்ல சும்மா வளர்த்துப் பாக்கத்தான் எடுத்தேன், சத்தியமா. ரெண்டாம் வாரம் மெஷின்ல போட்டேன். அன்னிக்கு நீ போன் பண்ணி முதுகு இழுக்குதுன்னே. எப்பன்னு கேட்டேன். நீ சொன்ன நேரமும் நான் மெஷின் போட்ட நேரமும் ஒண்ணா இருந்துச்சு. யாருடி நம்புவா இதை? நானே நம்பலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ சொல்ற எண்ணுக்கு மதிப்பே இல்ல. தெரியாம சொன்னாத்தான் அது உண்மை."

"தினம் களிம்பு தடவினியே. இழுக்குதான்னு கேட்டியே." சின்னவளின் கை தோள்பட்டைக்குப் போனது. "அந்தக் களிம்பாவது…"

அக்கா நோட்டை எடுத்து மூடினாள்.

"அதுவும் இல்லியா?"

"வெறும் க்ரீம்தான். மருந்து போட்டா இழுவை குறைஞ்சிடும். கணக்குத் தப்பிடும்." பிறகு, ஏதோ சமாதானம் சொல்வதுபோல், "நல்ல க்ரீம்டி அது," என்றாள்.

அம்மா இறந்தபோது அழுதது சின்னவளுக்கு ஞாபகம் இருந்தது. மூச்சு உள்ளே போகாத அந்த அழுகைதான் இப்போதும் வந்தது, கண்ணீர் மட்டும் இல்லை. அவள் குனிந்து மெஷினின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். உஸ் என்று தொடங்கிய சத்தம் பாதியில் செத்தது.

அமைதி. புதன்கிழமை மெஷின் நின்றிருந்தபோதுகூட அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. முதுகு இளகியது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஒன்றும் இல்லை.

"எல்லாத்தையும் கொட்டிடு," என்றாள். "இப்பவே. என் கண்ணு முன்னாடி."

"கொட்டினா உனக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான்டி நான்…"

அக்கா வாக்கியத்தை முடிக்கவில்லை. சின்னவள் நிமிர்ந்துவிட்டாள்.

இழுவை.

மெஷினின் இழுவை பக்கவாட்டில் இருக்கும். இது மேலிருந்து கீழ். நிதானமாக, நீளமாக, நாலு விநாடி இழுத்து நாலு விநாடி விட்டது. மெஷினின் விளக்கு அணைந்திருந்தது. ஒயர் அவள் கையில் இருந்தது.

எதிர்மூலை மேஜையில் சும்மாத் தட்டின் ரப்பர் படலம் சுருக்கம் கண்டது. நெரித்த புருவம்போல. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

"அக்கா." அவளுக்குத் தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "வேற யாருக்குக் கொடுத்தே?"

அக்காவின் உதடு வெளுத்திருந்தது.

"யாருக்கு?"

"வெளிநாட்டுல மூணு இடம். நான் ஒருத்தி சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. வேற ஆய்வகத்துலயும் செஞ்சு பாக்கணும். அதான் முறை." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அங்கெல்லாம் இப்பதான் காலையில வேலை தொடங்குற நேரம். இன்னிக்குத்தான் முதல் தடவையா மெஷின்ல போடறாங்க."

இரண்டாவது இழுவை வந்தது. குறுக்கே. வேகமாக. முதலாவது நிற்கவில்லை.

சின்னவள் மண்டியிட்டாள்.

"நிறுத்தச் சொல்லு."

அக்கா போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. எண்ணை அழுத்தினாள், காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

மூன்றாவது.

சின்னவளின் முதுகில் ஏதோ விட்டுப்போகும் சத்தம் இருவருக்கும் கேட்டது. சின்ன சத்தம்தான். ஈரத் துணி கிழிவதுபோல.

போன் தரையில் விழுந்தது. "ஐயோ குட்டி," என்று அக்கா ஓடி வந்தாள். அது நோட்டுக்காரியின் குரல் இல்லை. காய்ச்சல் ராத்திரிகளின் குரல். சட்டையை உயர்த்தினாள். தழும்பின் நடு திறந்து, இழுவைக்கு இழுவை வாய்போல் அசைந்தது. ரத்தம் இல்லை. சுற்றியிருந்த தோலின் ரேகைகள் எல்லாம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அக்கா வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்து, மூடி, பலமாக அழுத்தினாள்.

இழுவை நின்றது.

மூன்றும். ஒரே நேரத்தில். ஏதோ ஒன்று வேறு பக்கம் கவனம் திருப்பியதுபோல.

சின்னவளுக்கு மூச்சு வந்தது. முதுகில் அக்காவின் கை வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கணம், அவ்வளவுக்கும் பிறகும், அந்தக் கை அங்கே இருப்பது நிம்மதியாகக்கூட இருந்தது.

"நின்னுடுச்சு," என்றாள்.

அக்கா கையை எடுக்கப் பார்த்தாள். எடுக்க வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள். சின்னவளின் முதுகுத் தோல் அந்த உள்ளங்கையோடு சேர்ந்து கூடாரம்போல் எழும்பியது. அக்கா இன்னொரு கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி, முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தாள்.

"இழுக்காதே," என்றாள் சின்னவள். "அக்கா, இழுக்காதே."

அக்கா இழுத்தாள். அவள் மணிக்கட்டின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே திரும்பின. பிறகு முன்கையில் இருந்தவை. பிறகு முழங்கைக்கு மேலே. ஒரே வரிசையாக, நிதானமாக, தோளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. வெளியே நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன.